விம்மெரா மக்களுக்கும் நம் உறவுகளுக்கும் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுத ஆசைதான். ஆனால் விமானம் கவிழ்ந்ததில் கணவருக்குக் கையில் மாவுக்கட்டு, தம்பிக்குக் கழுத்தில் பட்டை. வீட்டு வேலைக்கே பொழுது சரியாக இருக்கிறது. அதனால்தான் இந்தப் பொது மடல். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் மேற்கே உள்ள விவசாயப் பகுதியான விம்மெராவின் மக்களுக்கு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டோம். அவர்கள் செய்த உதவி நம்மவர்களுக்கும் தெரிய வேண்டும்.

மெல்பர்னுக்கு மேற்கே பறந்துகொண்டிருந்தபோது எங்கள் செஸ்னா 172எஸ் என்ற சிறு விமானத்தின் எஞ்சின் உதற ஆரம்பித்தது. கணவர் அறுவடை முடிந்த ஒரு வயலில் பத்திரமாக இறக்கினார். சோதித்துப் பார்த்ததில் எஞ்சின் சீராக ஓடியது. அதனால் அந்த வயலிலிருந்தே மறுபடி எழும்பப் பார்த்தோம். ஆனால் இறங்குவது வேறு, எழும்புவது வேறு. கையேட்டுக் கணக்குப்படி, கெட்டியான ஓடுதளத்திலேயே இந்த விமானம் இறங்கி நிற்க சுமார் 175 மீட்டர் போதும். தரையை விட்டு எழும்ப 290 மீட்டர் ஓட வேண்டும். வயலில் அறுத்த பயிரின் அடித்தாளும் மண்ணும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டன. வேகம் வரவில்லை. வேலிக் கம்பியில் மாட்டித் தலைகுப்புறக் கவிழ்ந்துவிட்டோம்.

பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தோம். இறக்கையிலிருந்து பெட்ரோல் காய்ந்த தாளில் சொட்டியது. பக்கத்து வயலில் அறுவடை இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் அதை அப்படியே நிறுத்திவிட்டு வண்டியில் பறந்து வந்தார். அறுவடைக் காலத்தில் அங்கே வண்டியில் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் தயாராக வைத்திருப்பார்கள். முதலில் தரையை நனைத்தார். அப்புறம்தான் உள்ளே தவழ்ந்து வந்தார். நான் பெல்ட்டைக் கழற்றப் போனேன். “பொறும்மா, ஒரு கையைக் கீழே கூரையில் ஊன்றிக்கொள்” என்று சொல்லி, என் தோளுக்கு அடியில் தன் தோளைக் கொடுத்துவிட்டுத்தான் பெல்ட்டை அறுத்தார். அப்படியே விழுந்திருந்தால் என் கழுத்து என்னவாகியிருக்குமோ!

அடுத்து சி.எஃப்.ஏ. என்ற கிராமப்புறத் தீயணைப்பு அமைப்பின் வண்டி வந்தது. வந்தவர்கள் எல்லோரும் சம்பளம் வாங்காத தொண்டர்கள், அக்கம்பக்கத்து விவசாயிகள். அறுவடை நாளில் ஒரு மணி நேரம் போனால் எவ்வளவு நஷ்டம் என்பது நம் டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆம்புலன்ஸ்காரர்களுக்கும், ஹார்ஷம் மருத்துவமனையில் இரவெல்லாம் விழித்திருந்து பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும் எங்கள் நன்றி.

மெல்பர்னிலிருந்து ஹார்ஷம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். செய்தி கேட்டதும் மாற்றுத்துணி, இட்லி எல்லாம் எடுத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக வந்து நின்ற அண்ணன், அண்ணிக்கு என்ன சொல்வேன்? பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு பள்ளிக்கும் அனுப்பினார்கள் பக்கத்துத் தெரு நண்பர்கள். கும்பகோணத்தில் தனியாக இருக்கும் அம்மாவிடம் பக்குவமாக விஷயத்தைச் சொல்லி, எங்கள் குரலைக் கேட்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்த எதிர்வீட்டு அக்கா, உங்களை மறக்கவே மாட்டேன்.

உடைந்த வேலிக்குப் பணம் கொடுத்தோம், பெரியவர் வாங்கவில்லை. ஊர்த் தீயணைப்புக் குழுவுக்குக் கொடுங்கள் என்றார், கொடுத்துவிட்டோம். எங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பவர்களும் அந்தக் குழுவுக்கே கொடுங்கள். விவரம் வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், அனுப்புகிறேன்.