ஜெஸ்ஸி பிரவுனுக்கு இன்னும் நான்கு வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் கொரியப் போர்க் கட்டுரையில், அமெரிக்கக் கடற்படை விமானி ஜெஸ்ஸி பிரவுன் 'விமானச் சண்டையில்' இறந்ததாக இருக்கிறது. அது பிழை. 1950 டிசம்பர் 4 அன்று, வடகொரியாவின் சோசின் நீர்த்தேக்கப் பகுதியில் சீனப் படையிடம் சிக்கியிருந்த அமெரிக்க மரைன் வீரர்களுக்குத் துணையாக அவர் தாழப் பறந்தார். தரையிலிருந்து சுட்டதில் எஞ்சின் எண்ணெய் ஒழுகிவிட்டது. பனி மூடிய மலைச்சரிவில் விமானத்தை மோதித்தான் இறக்க முடிந்தது. கால் உள்ளே மாட்டிக்கொண்டது.

அவரைக் காப்பாற்றத் தன் விமானத்தையும் வேண்டுமென்றே அங்கே மோதி இறக்கினாரே, சக விமானி தாமஸ் ஹட்னர், அவரைப் பற்றி முக்கால் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எழுத வேண்டியதுதான். கையால் பனியை அள்ளிப் போட்டுத் தீயை அணைக்கப் பார்த்த மனிதர். 88 வயதில் நண்பரின் உடலைத் தேடி வடகொரியாவுக்கே போனவர். ஆனால் பிரவுன் உங்கள் கட்டுரையில் முதல் வரியில் வருகிறார், மூன்றாம் வரியில் செத்துப்போகிறார்.

மிசிசிப்பி மாநிலத்தில், விளைச்சலில் பங்கு கொடுத்து அடுத்தவர் நிலத்தைப் பயிரிட்ட விவசாயியின் மகன் அவர். 1937-இல், கறுப்பர்களை ராணுவ விமானிகளாகச் சேர்க்காதது அநியாயம் என்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் போட்டார். வயது பத்தோ பதினொன்றோ! வெள்ளை மாளிகையிலிருந்து பதிலும் வந்தது. (நாம் போடும் கடிதத்துக்குத் தாலுகா ஆபீஸிலிருந்துகூட வருவதில்லை.) அப்புறம் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பொறியியல் படிப்பு, அந்தச் செலவுக்கு இரவில் ரயில் வேகன்களில் சரக்கு ஏற்றும் வேலை. பயிற்சியில் இருப்பவர்கள் கல்யாணம் செய்யக்கூடாது என்ற விதி இருந்தும் டெய்சியை ரகசியமாக மணந்தார். 1948-இல், கடற்படையின் விமானப் பயிற்சியை முடித்த முதல் கறுப்பினத்தவர் ஆனார்.

விபத்து நடந்த இடத்துக்கு ஹெலிகாப்டரில் கோடரி வந்தும் பயனில்லை. இருட்டத் தொடங்கியதால் அவரை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. அதற்கு முன், டெய்சியிடம் தன் அன்பைச் சொல்லும்படி ஹட்னரிடம் கேட்டுக்கொண்டாராம். மூன்று நாள் கழித்து, உடல் எதிரி கையில் சிக்கக்கூடாதென்று அவருடைய படைப்பிரிவினரே அந்த இடத்தில் நேபாம் என்ற தீக்குண்டுகளை வீசினார்கள். மகளுக்கு அப்போது இரண்டு வயது நிறையவில்லை.

திருத்தம் போடும்போது அவர் வயதையும் சேர்த்துவிடுங்கள்: 24.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்