அமில மழை: புகைபோக்கி விதியைத் தளர்த்தலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அனல்மின் நிலையங்கள் வெளியிடும் கந்தக டை ஆக்சைடுக்கு 2015 டிசம்பரில் மத்திய அரசு விதித்த வரம்பு, காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்ட பின், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குத் தளர்த்தப்பட்டது மிகுந்த வேதனை அளிக்கிறது.

அந்த வாயுவும், வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் காற்றின் ஈரத்தோடு கலந்து கந்தக அமிலமாகவும் நைட்ரிக் அமிலமாகவும் மாறி மழையோடு இறங்குகின்றன. சுண்ணாம்புக்கல் துண்டை நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டு மாணவர்களுக்குப் பலமுறை காட்டியிருக்கிறேன். நுரைத்துப் பொங்கி, சற்று நேரத்தில் வெண்ணிற ஜிப்சம் படிந்து அடங்கிவிடும். சலவைக்கல் கட்டடங்களில் அந்தப் படிவத்தை அடுத்த மழை கரைத்துவிடுவதால், அரிப்பு மீண்டும் தொடங்குகிறது. புகைபோக்கியில் கந்தகத்தைப் பிடிக்கும் கருவியும் இதே சுண்ணாம்புக்கல்லைக் கொண்டுதான் இயங்குகிறது என்பதை நினைக்கும்போது, கல்லைக் கருவிக்குள் செலவிடுவதா, கோபுரங்களிலும் வயல்களிலும் இழப்பதா என்றே கேட்கத் தோன்றுகிறது.

நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது உண்மை. வட இந்தியப் புழுதியின் காரத்தன்மை அமிலத்தை ஓரளவு தணிப்பதும் உண்மை. ஆனால், ஆண்டுதோறும் பல கோடி டன் எரிக்கும் நாட்டுக்கு இவை போதிய காப்பாகா. மண்ணிலிருந்து அமிலம் கரைத்துவிட்ட அலுமினியத்தால் நார்வே, ஸ்வீடன் ஏரிகளில் மீன்கள் மடிந்தன.

தளர்வைத் திரும்பப் பெறுவதோடு, மழைநீரின் அமில அளவை மாவட்டவாரியாக வெளியிடவும் அரசை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
தூத்துக்குடி.