வெள்ளை ஜவ்வரிசியில் கரித்துகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சேலம் பக்கத்து ஆலைகள் விறகை விட்டுவிட்டு மரத்தூள் பெல்லட்டுக்கு (எரிப்பதற்கான சின்னச் சின்ன கட்டிகள்) மாறினால் புகைத் தொல்லை தீர்ந்துவிடும் என்று போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரைதான். ஆனால் தினமும் அடுப்பு முன்னால் நிற்கிறவனுக்கு அதில் ஒரு குறை தெரிகிறது. அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் இருபது வருடமாக பாய்லர் பார்க்கிறேன். நாங்கள் பெல்லட்டுக்கு மாறி நாலு வருடம் ஆகிறது. முதல் வருடம் புகை குறையவே இல்லை.

எங்களுடையது நைலான் ஜவ்வரிசி. உருட்டிய மாவை நீராவியில் வேகவைத்து சிமெண்ட் களத்தில் காயப்போடுவோம். ஒரு நாள் முதலாளி களத்திலிருந்து ஒரு கை அள்ளி வந்து என் முன்னால் நீட்டினார். வெள்ளை மணிகளுக்கு நடுவே மிளகுப்பொடி தூவினது மாதிரி கரித்துகள். “இதுக்கா இத்தனை செலவு பண்ணினேன்?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

பதில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிடைத்தது. முதலில் மாட்டியது மூட்டை அடுக்கிய இடம். ஐப்பசி மழையில் சுவரோரம் வெறுந்தரையில் அடுக்கியிருந்தோம். பெல்லட் என்பது அழுத்தத்தில் இறுகிய மரத்தூள். தண்ணீர் பட்டால் ஊதி மறுபடி தூளாகிவிடும். ஈரம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பார்ப்பதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். நல்ல பெல்லட் பளபளவென்று இருக்கும், ஒடித்தால் டக்கென்று ஒடியும். ஈரம் ஏறியது விரலிலேயே உதிரும். மூட்டை அடியில் தங்குகிற தூளையும் சேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தோம். அது உலைக்குள் எரிபொருள் கிடந்து எரிகிற தட்டில் நின்று எரியாமல் காற்றோடு பறந்து சிம்னிக்குப் போய்விடும். இப்போது சலித்துத்தான் போடுகிறோம். ஜவ்வரிசி சலிக்கிற ஊரில் இதெல்லாம் ஒரு வேலையா!

அடுத்தது காற்று. மரத்தில் முக்கால் பங்குக்கு மேல் வாயுவாகக் கிளம்பித்தான் எரிகிறது. அதனால் தட்டுக்குக் கீழே காற்று கொடுத்தால் மட்டும் போதாது, தீக்கு மேலேயும் கொடுக்க வேண்டும். எங்கள் உலையில் மேல்காற்று வருகிற துளைகளில் பாதி சாம்பலில் அடைந்து கிடந்தது. புகை கருத்ததைப் பார்த்து நான் கீழ் புளோயரை, அதாவது தட்டுக்குக் கீழே காற்று ஊதுகிற விசிறியை, முழுசாகத் திறந்துவிட்டேன். சாம்பல் இன்னும் பறந்ததுதான் மிச்சம். பழுது பார்க்க வந்த பெரியவர் ஒருவர் துளைகளைக் குத்திவிட்டு, புளோயரைக் குறைத்து, புகையில் மிஞ்சுகிற ஆக்சிஜனை அளந்து 6 முதல் 8 சதவீதத்துக்குள் நிறுத்தினார். “கரும்புகை வந்தா காத்து பத்தலைன்னு தெரிஞ்சிடும். காத்து அதிகமா போனா யாருக்கும் தெரியாது, காசுதான் சிம்னி வழியா போகும்” என்றார். தேவைக்கு மேல் போகிற காற்றையும் நம் பெல்லட்தானே சூடாக்கி வெளியே அனுப்புகிறது.

சிம்னியில் வெப்பமானி பொருத்தச் சொன்னதும் அவர்தான். அன்றைக்கு 270 டிகிரி. பாய்லருக்குள் சூடான புகை போகிற ட்யூபுக்குள் பிரஷ் விட்டு கரியைத் தேய்த்து எடுத்ததும் 205க்கு வந்தது. 20 டிகிரி குறைந்தால் எரிபொருளில் ஏறக்குறைய 1 சதவீதம் மிச்சம் என்பது எங்கள் தொழில் கணக்கு. போர் தண்ணீரின் உப்பு ட்யூபின் மறுபக்கம், தண்ணீர் இருக்கிற பக்கம், படிந்தாலும் இதே நஷ்டம். தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கிற சாஃப்ட்னர் கருவிக்கு உப்பு போட மறந்த வாரங்களை நினைத்தால் இப்போதும் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும். புகையைச் சுழற்றி தூசியைப் பிரிக்கிற சைக்லோன் பெரிய தூசியைத்தான் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி தப்பிவிடும். அதைப் பிடிக்கத் துணிப்பை வடிகட்டி வேண்டும், அதற்குள் தீப்பொறி போகாமலும் பார்க்க வேண்டும். ஜருகுமலை, நகரமலை, கஞ்சமலை என்று சுற்றிலும் மலை நிற்கிற ஊர் இது. மார்கழி விடியலில் புகை மேலே ஏறாமல் கூரை உயரத்திலேயே நிற்பதை யாரும் பார்க்கலாம். அப்புறம் கலப்படம். ஒரு லோடில் பிளைவுட் தூள் கலந்து வந்தது. பசை நாற்றத்தோடு எரிந்து, தட்டில் பாறை மாதிரி கட்டி பிடித்தது. கடப்பாரை போட்டுத்தான் உடைத்தோம்.

தண்ணீர் மட்டமும் சேஃப்டி வால்வும் உயிர் சம்பந்தப்பட்டவை என்று எனக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள். சரி, அது முக்கியம்தான். காற்று வைப்பது எப்படி என்று பதினாறு வருடம் யாருமே சொல்லவில்லை. புது பாய்லருக்கு மானியம் கேட்டு எழுதுகிறவர்கள், அதை ஓட்டுகிறவனுக்கு இரண்டு நாள் பயிற்சியும் ஒரு வெப்பமானியும் சேர்த்துக் கேட்டால் நன்றாக இருக்கும்.

கட்டுரையாளர் இந்தப் பக்கம் வந்தால் எங்கள் பாய்லரையும் பார்க்கலாம். இன்று காலை வெப்பமானி 225 காட்டியது. ஞாயிற்றுக்கிழமை ட்யூப் தேய்க்கப் போகிறோம்.

இப்படிக்கு,
பாய்லர் இயக்குபவர் ஒருவர்,
அயோத்தியாப்பட்டணம், சேலம்.