மாமாவுக்கு மேற்கு வர்ஜீனியாவிலிருந்து

மார்கன்டவுன்,
மேற்கு வர்ஜீனியா.

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். அத்தைக்கு மூட்டு வலி தேவலையா? "அங்கே அரசியல்வாதிகள் எல்லாம் எப்படிடா?" என்று போனில் கேட்டீர்கள். பேசி முடிகிற சங்கதி இல்லை என்றுதான் எழுதுகிறேன்.

இந்த மாநிலத்தில் எங்கே திரும்பினாலும் ராபர்ட் பேர்டு என்ற பெயர்தான். இந்த மாநிலத்துக்கு நெடுங்காலம் செனட்டராக இருந்தவர். கிளார்க்ஸ்பர்க்கில் பள்ளிக்கூடம், சார்ல்ஸ்டனில் கோர்ட், மலையைக் குடைந்து போகும் நெடுஞ்சாலை. எல்லாம் ஆள் உயிரோடு இருந்தபோதே வைத்த பெயர்கள்! நம் ஊர்க்காரர்களே தோற்றார்கள்.

செனட்டர் என்றால் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேல்சபை உறுப்பினர், ஆனால் நம் ராஜ்யசபா எம்.பி. மாதிரி என்று நினைக்காதீர்கள். மக்களே நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். மாநிலம் பெரிசோ சிறிசோ, தலா இரண்டு பேர். 1959-ல் உள்ளே போன இவர் 2010 ஜூனில் சாகும்வரை அங்கேதான் இருந்தார். 51 வருஷம்! சீனியாரிட்டி ஏற ஏற அங்கே கை ஓங்கும். 1989-ல் நிதி ஒதுக்கீட்டுக் கமிட்டித் தலைவரானார். அந்தச் செல்வாக்கில், வாஷிங்டனில் இருந்த எஃப்.பி.ஐ. என்ற மத்தியப் புலனாய்வுத் துறையின் கைரேகைப் பிரிவு கிளார்க்ஸ்பர்க்குக்கு வந்து சேர்ந்தது.

1918 விஷக்காய்ச்சலில் அம்மா போனபோது இவருக்கு ஒரு வயசுகூட ஆகவில்லை. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியான உறவினர் வீட்டில் வளர்ந்தார். பெட்ரோல் பங்க், கறிக்கடை, வெல்டிங் என்று பார்க்காத வேலை இல்லை. பிடிலும் அருமையாக வாசிப்பாராம்.

இனி சொல்வதுதான் தொண்டையில் நிற்கிறது. 1940-களில், கறுப்பின மக்களை மிரட்டித் தாக்கிய வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானில் ஆள் சேர்த்தவர் இவர். செனட்டராக இருந்துகொண்டே ராத்திரி வகுப்புக்குப் போய்ச் சட்டம் படித்து, 1963 ஜூன் 10-ல் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷம் அதே ஜூன் 10 காலையில் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தரும் மசோதா ஓட்டெடுப்புக்குப் போகாமல் முடக்க, முந்தின நாள் ராத்திரியிலிருந்து 14 மணி 13 நிமிஷம் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். மசோதா எப்படியோ நிறைவேறிவிட்டது. கிளானில் சேர்ந்தது பெரிய தப்பு என்று பிற்காலத்தில் பலமுறை சொன்னார். 2002-ல் இராக் போரை எதிர்த்தார், 2008-ல் ஒபாமாவை ஆதரித்தார்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் சுரங்கத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். பேர்டு பேச்சை எடுத்தால், "ரோடு போட்டவர் அவர்தானே" என்பார், அதற்கு மேல் பேச மாட்டார். அந்த ரோட்டில்தான் நானும் போகிறேன், அவரைக் குறை சொல்ல வாய் வரவில்லை. அதற்காக அந்த ராத்திரியைக் கணக்கிலிருந்து கழிக்கவும் மனசு வரவில்லை. நீங்களாக இருந்தால் பேர்டுக்கு ஓட்டுப் போடுவீர்களா?

அடுத்த மாதம் பிள்ளைகளை கிரீன் பேங்க் என்ற ஊருக்குக் கூட்டிப்போகிறோம். 100 மீட்டர் அகல ரேடியோ டெலஸ்கோப் அங்கே இருக்கிறது, அதற்கும் இவர் பெயர்தான். வானத்துச் சிக்னல் கெடக்கூடாது என்று அந்தப் பக்கம் செல்போனுக்குக் கட்டுப்பாடு. அன்றைக்குப் போன் வரவில்லை என்று அம்மா பதற வேண்டாம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்