கூட்ட அறை ஒலியமைப்பில் உள்ள குறைகள் குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஒலியமைப்பின் வடிவமைப்புக் குறைகளைச் சரிசெய்து தரக் கோருதல்

ஐயா,

எங்கள் கூட்ட அறையின் ஒலியமைப்பை வடிவமைத்து, கருவிகளைப் பொருத்தி, சோதித்து ஒப்படைக்கும் பொறுப்பு முழுவதையும் தங்கள் நிறுவனமே ஏற்றிருந்தது. ஆயினும் அதன்பின் நடந்த காணொலிக் கூட்டங்களில், எங்கள் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்பதாக மறுமுனையினர் தொடர்ந்து கூறுகின்றனர். மேசையின் கடைசியில் அமர்ந்திருந்தவர் எழுபது என்றாரா, எண்பது என்றாரா என்பது விளங்காமல், அந்த எண்ணை எழுதி அனுப்பும் நிலை அண்மையில் ஏற்பட்டது.

புகார் செய்யும்போதெல்லாம் தங்கள் பணியாளர் வந்து மைக்கின் கெயினை, அதாவது மைக் வாங்கும் ஒலியைப் பெருக்கும் அளவை, கூட்டிவிட்டுச் செல்கிறார். பேசுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரு மடங்கானால் நேரடிக் குரலின் அளவு ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். சுவர்களில் பட்டுத் திரும்பும் முழக்கமோ அந்த அளவுக்குக் குறைவதில்லை. கூரையில் பொருத்தப்பட்ட மைக்கில் கெயினைக் கூட்டினால் குரலோடு முழக்கமும் சேர்ந்தே கூடுமேயன்றித் தெளிவு கூடாது. இது எங்களைவிடத் தங்களுக்கே நன்கு தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு பக்கம் கண்ணாடிச் சுவரும் வெறும் டைல்ஸ் தரையும் கொண்ட அறை இது. இத்தகைய கூட்ட அறைகளில் எதிர்முழக்க நேரம், அதாவது ஒலி நின்றபின் அதன் முழக்கம் அடங்க எடுக்கும் நேரம், ஏறத்தாழ 0.6 விநாடிக்குள் இருப்பது நல்லது என்பது துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. தாங்கள் தந்த வரைபடத்தில் கேபிள் செல்லும் வழிகூடக் குறிக்கப்பட்டுள்ளது. எதிர்முழக்கம் அளக்கப்பட்டதற்கான குறிப்பு எதுவும் இல்லை. போதாக்குறைக்கு, ஒரு மைக் ஏசியின் காற்று வரும் வாய்க்கு அருகிலேயே உள்ளது. கூட்டம் நடக்கும்போது ஏசியை அணைத்துவிடுமாறு தங்கள் பணியாளர் கூறிய யோசனையைத் தீர்வாக ஏற்க இயலவில்லை.

மறுமுனையினர் பேசும்போது அவர்களுடைய குரலே அவர்களுக்குத் திரும்பக் கேட்கிறது. அது அவர்களுடைய இணைய இணைப்பின் கோளாறு என்று தங்கள் உதவி மையம் கூறியது. எங்கள் அறையின் ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலியை எங்கள் மைக் வாங்கி அனுப்புவதாலேயே இது நேர்கிறது. அதை நீக்க வேண்டியது இங்கே பொருத்தப்பட்டுள்ள எதிரொலி நீக்கியே. முழக்கம் நீண்ட அறையில், மைக்கை ஒட்டியே ஸ்பீக்கரையும் வைத்துவிட்டால் அந்தக் கருவி திணறுவதில் வியப்பில்லை.

ஆகவே, ஏசி ஓடும் நிலையிலேயே எதிர்முழக்க நேரத்தையும் பின்னணி இரைச்சலையும் அளந்து, அறிக்கையை எழுத்துமூலம் தருமாறு கோருகிறோம். கூரை மைக்குகளுக்குப் பதிலாக, பேசுபவருக்கு அருகில் மேசை மைக்குகளை வைத்து, பேசுபவரின் மைக் மட்டும் திறக்கும்படி தானியங்கி மிக்சரை அமைத்துத் தர வேண்டும். ஒவ்வொரு இருக்கையிலிருந்தும் பேசி, மறுமுனையில் ஒருவரைக் கேட்கச் செய்து சோதித்த பின்னரே பணி முடிந்ததாகக் கையெழுத்திடுவோம்.

ஒலி உறிஞ்சும் பலகைகள் தங்கள் மதிப்பீட்டில் இடம்பெறாததால், அவற்றின் விலையை நாங்களே ஏற்கிறோம். மைக், ஸ்பீக்கர் ஆகியவற்றை இடம் மாற்றும் செலவு வடிவமைப்புப் பிழையால் வருவது; அதைத் தங்கள் நிறுவனமே ஏற்க வேண்டும். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பணி தொடங்கும் தேதியைத் தெரிவிக்கவும். அதுவரை நிலுவைத் தொகை நிறுத்தி வைக்கப்படும்.

இப்படிக்கு,
நிர்வாகப் பொறுப்பாளர்