கூட்ட ஓட்டத்துல முன்னாடி யார் நிக்கணும்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

செப்டம்பர் 24 ஹெரிடேஜ் டே (தென்னாப்பிரிக்காவோட பாரம்பரிய தினம்) லீவுக்கு எங்க டர்பன் சாட்ஸ்வொர்த் பக்கம் நடந்த 10 கிலோமீட்டர் ஓட்டத்துல நானும் ஓடுனேன், ஓடுனேன்னு சொல்றத விட முதல் ரெண்டு கிலோமீட்டர் நெளிஞ்சு நெளிஞ்சு நடந்தேன்னுதான் சொல்லணும். ஏன்னா குழந்தையை தள்ளுவண்டில வச்சு நடக்குறவங்க, கை கோத்துக்கிட்டு போற குடும்பம், எல்லாரும் ஆரம்பக் கோட்டுக்கிட்ட முன் வரிசையிலேயே நின்னுட்டாங்க. அவங்க மேல தப்பு இல்ல, எங்க நிக்கணும்னு யாருமே சொல்லலையே.

1921ல ஆரம்பிச்ச காம்ரேட்ஸ்ல, அதான் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவுல நடக்குற நெடுந்தூர ஓட்டத்துல, தகுதி ஓட்ட நேரத்தை பாத்துதான் பிரிவு பிரிவா நிக்க வைக்கிறாங்க. இங்க அவ்வளவெல்லாம் வேண்டாம், வேகமா ஓடுறவங்க, மெதுவா ஓடுறவங்க, நடக்குறவங்கன்னு மூணு போர்டு வச்சா போதும். ஆரம்பக் கோட்டுலயும் சிப் மேட் (ஓடுறவங்க மாட்டியிருக்குற சிப்பை வச்சு நேரத்தை பதியுற விரிப்பு) போட்டா யாரும் முண்டியடிக்க மாட்டாங்க, அவங்கவங்க கோட்டைத் தாண்டுற நேரத்துல இருந்துதானே கணக்கு.

அப்புறம் அந்த தண்ணி பாக்கெட். கடிச்சு குடிச்சுட்டு அப்படியே ரோட்டுல போட்டுட்டு போறாங்க, இறக்கத்துல அது மேல கால் வச்சு ஒரு அக்கா வழுக்கி விழுந்துட்டாங்க. தண்ணி குடுக்குற மேசை தாண்டி அம்பது மீட்டர் வரைக்கும் குப்பை டிரம் வைங்க. பிராய் (தணல்ல கறி சுடுறது) வாசனை மட்டும் வழி பூரா பிரமாதம், அதுக்காகவே அடுத்த வருஷமும் வருவேன்.

இப்படிக்கு,
டர்பன் வாசகர்