வீட்டு வரி ஏறுகிறது, கணக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

2022 ஏப்ரலில் சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கே சொத்து வரியை 50 சதவீதம் ஏற்றினார்கள், 1,200 வரை 75. பல வருடமாக ஏற்றவில்லை என்றார்கள், சரி, அதில் நியாயம் இருக்கிறது. அப்புறம் 2024-ல் இன்னொரு 6 சதவீதம். ஓய்வூதியமும் மாடி வாடகையும் மட்டுமே வருமானம் என்றால் இதை எங்கே போய்ச் சரிக்கட்டுவது? வாடகையைக் கூட்டினால் குடியிருப்பவர் காலி செய்துவிடுவார்.

இந்த வரிக்குள்ளேயே கல்வி வரியும் அடக்கம், ரூபாய்க்கு 10 காசு நூலக வரி வேறு. எங்கள் கிளை நூலகத்தில் மின்விசிறி ஓடி மாதக்கணக்காகிறது (நாளிதழ் மட்டும் தவறாமல் வருகிறது). வசூலான கல்வி வரி எந்தப் பள்ளிக்கு எவ்வளவு போனது என்று வார்டுவாரியாக அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும்.

- வீட்டு உரிமையாளர், சென்னை